பட்டறைக்கு ஒரு பம்பு

அந்தப் பட்டறையில் எதை எடுத்தாலும் ஒன்றுதான் இருக்கும். துணி வெட்டுகிற பெரிய கத்தரி ஒன்று. மழைக்கு ஒரு குடை. பசை டப்பா ஒன்று, அதைக் கிண்ட ஒரு குச்சி. ஏன், யாருக்காவது அழுகை வந்தால் போய் உட்காருவதற்குக்கூட ஒரே ஒரு மூலைதான், பஞ்சு மூட்டைக்குப் பின்னால். வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டியது, வேலை முடிந்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிட வேண்டியது. அக்கா போட்ட சட்டம் அது. 'என்னுது, உன்னுது' என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அக்காதான் முதலாளி. ஐம்பதைத் தாண்டியவள். பழைய சோபா, நாற்காலி, மெத்தை எது வந்தாலும் மேல்துணியை உரித்து, உள்ளே மக்கிக் கிடக்கிற பஞ்சைப் பிடுங்கி, புதுப் பஞ்சு திணித்து, புதுத் துணி போர்த்தி, "இது என்னுதுதானா?" என்று கொடுத்தவரே சந்தேகப்படுகிற மாதிரி திருப்பிக் கொடுப்பாள். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. பஞ்சு அடித்துத் திணிக்கிற வேலை அவனுடையது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் சின்னவன். வளர்த்து ஆளாக்கிக் கல்யாணமும் பண்ணி வைத்தது அவள்தான். அவன் "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டே மற்றவர்களுக்கும் அவள் அக்காவாகிப் போனாள். அவனுடைய பெண்டாட்டிகூட நாத்தனாரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பட்டறையில் மிச்சம் இருப்பது இரண்டு பேர். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற தையல் மாமா. யாருக்கு மாமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அப்புறம், சாமான் ஏற்றி இறக்குகிற வண்டிக்காரர்.

பட்டறையின் ஒற்றைச் சாமான்களோடு ஒன்றாகத்தான் பம்பும் வந்து சேர்ந்தது. டப்பாவில் இன்ஹேலர் என்று போட்டிருக்கும். பட்டறையில் அதற்குப் பெயர் பம்பு. தம்பிக்கு முதன்முதலில் இளைப்பு வந்து, நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்டபோது டாக்டர் இரண்டு பம்பு எழுதிக் கொடுத்தார். பழுப்பு நிறத்தது தினமும் காலையும் மாலையும், இளைப்பு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நீலம், இளைப்பு வந்தால் மட்டும். தம்பி பழுப்பை ஒரு மாதம் இழுத்துப் பார்த்தான். "காத்தைக் காசு குடுத்து வாங்கற மாதிரி இருக்குக்கா, ஒண்ணுமே தெரியல" என்றான். நீலமோ, இழுத்துவிட்டு ஒரு டீ ஆறுகிற நேரம் உட்கார்ந்தால் போதும், நெஞ்சு திறந்துகொள்ளும். விலையும் மலிவு. வேலை செய்கிறது மலிவாகவும், ஒன்றும் செய்யாதது விலை கூடுதலாகவும் இருந்தால், நீங்களும் நானும் எதை வாங்குவோம்? அவர்களும் அதைத்தான் வாங்கினார்கள். பழுப்பு நின்றுபோனது.

கொஞ்ச நாளில் தையல் மாமா, "எனக்கும் ஒரு தடவை குடேன், நெஞ்சைக் கட்டிக்கிட்டு வருது" என்றார். அக்கா யோசிக்கவே இல்லை. சோபா ஓரத்தில் வைத்துத் தைக்கிற கயிற்றில் ஒரு முழம் வெட்டி, நீலப் பம்பின் கழுத்தில் கட்டி, வாசல் பக்கம் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு ஆணி அடித்து மாட்டிவிட்டாள். பக்கத்தில் துடைப்பதற்கு ஒரு துண்டுத் துணி. தீரத் தீர அவளே புதுசு வாங்கி மாட்டுவாள். சம்பளத்தில் பிடிக்கிற பேச்சே கிடையாது. வருகிற வாடிக்கையாளர்களிடம்கூட அந்த ஆணியைக் காட்டி, "என் ஆளுங்களுக்கு நான் ஒரு குறையும் வைக்கறதில்ல" என்பாள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமை பிடிபடாது.

ஆனால் அவள் யாரிடமும் சொல்லாத சமாச்சாரம் ஒன்று இருந்தது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவளும் அந்த ஆணிக்குப் போவாள். இத்தனை வருஷம் அதே பஞ்சுத் தூசியில் நின்றவளின் நெஞ்சு மட்டும் இரும்பா என்ன? இரண்டு தடவை இழுத்து, துணியால் துடைத்து, இருந்த மாதிரியே மாட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாள். கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பாள். முதலாளிக்கே இளைப்பு என்றால் ஆட்கள் யாரை நம்பி உள்ளே வருவார்கள் என்பது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. தூசி தன்னைப் பிடித்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால், அது தம்பியையும் பிடித்தது தன் பட்டறையில்தான் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அவளுக்குத் தைரியம் இல்லை.

ஒரு ஹோட்டல் வரவேற்பறைச் சோபாக்கள் அவசரமாக வந்த நேரம் அது. சொன்ன தேதிக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும். தம்பி மூன்று நாளாக முகத்தில் துணி கட்டிக்கொண்டு பஞ்சு அடித்தான். ஆணிக்கு நடையாய் நடந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் பம்பை அழுத்தினான், இழுத்தான், மறுபடி அழுத்தினான். புஸ் புஸ்ஸென்று சத்தம் வந்ததே தவிர நெஞ்சு திறக்கவில்லை. சுவரைப் பிடித்தபடியே கீழே சரிந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் ஒரு பெண். வயசு முப்பதுக்குமேல் இருக்காது, பேச்சு மட்டும் பெரிய மனுஷி மாதிரி. அக்கா கையோடு கொண்டுபோயிருந்த நீலப் பம்பை டாக்டர் வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

"இதுல மருந்தே இல்லம்மா. வெறும் வாயு. மருந்து தீர்ந்த பிறகும் இது சத்தம் போட்டுக்கிட்டேதான் இருக்கும்."

"போன வாரம்தான் டாக்டர் மாட்டினேன். தட்டுப்பாடே வச்சதில்ல."

"போன வாரமா? ஒருத்தர் ஒரு வாரத்துல ஒண்ணைத் தீர்த்தாரா?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "நீலம் மூச்சுக்குழாயைத் திறந்து மட்டும்தான் விடும். உள்ள இருக்கற வீக்கத்தை அது தொடவே தொடாது. திறந்துக்குதே, நல்லா இருக்கேன்னு நாம நினைச்சுக்கிட்டு இருப்போம். வீக்கம் பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் திறக்காமப் போயிடும். அந்த நாள்தான் இது."

அக்காவுக்கு வாசல் ஆணி நினைவுக்கு வந்தது. அவள் பெருமையாக அடித்த ஆணி அல்லவா அது.

"இனிமே நீலமும் வேண்டாம், பழுப்பும் வேண்டாம்" என்று டாக்டர் சிவப்பு மூடி போட்ட ஒரு பம்பை எடுத்துக் காட்டினாள். "திறந்து விடற மருந்தும் வீக்கத்தைக் குறைக்கற மருந்தும் இது ஒண்ணுலயே இருக்கு. காலையில ரெண்டு தடவை, ராத்திரி ரெண்டு தடவை. நடுவுல இளைப்பு வந்தா அப்பவும் இதே. எதை எப்ப எடுக்கணும்னு குழம்பவே வேண்டாம். இந்த ஜன்னல்ல பாருங்க, எத்தனை தடவைக்கு மருந்து மிச்சம் இருக்குன்னு நம்பர் தெரியும். அது பூஜ்யத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அடுத்தது கையில இருக்கணும்."

மருந்துக் கவுண்ட்டரில் விலையைக் கேட்டதும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காசுக்கு நீலம் ஐந்து வாங்கலாம். திரும்பி வந்து டாக்டரிடமே கேட்டுவிட்டாள்.

"இவ்வளவு விலையா டாக்டர்? மாசாமாசம் எப்படிக் கட்டுப்படியாகும்?"

"ஒரு தடவை இங்க வந்து படுத்ததுக்கு எவ்வளவு ஆச்சுன்னு பில்லைப் பாருங்க. அப்புறம் எது விலை ஜாஸ்தின்னு நீங்களே சொல்லுங்க." டாக்டர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களுக்கும் இளைப்பு இருக்கா? பேசறப்ப மூச்சு வாங்குதே."

"எனக்கா? சேச்சே. படி ஏறி வந்தேன், அதான்."

டாக்டர் அறை தரைத்தளத்தில் இருந்தது. அக்கா வாய் கூசாமல் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

நர்ஸ் தம்பிக்குப் பழக்கிவிட்டாள். மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும், பத்து எண்ணும்வரை உள்ளேயே அடக்க வேண்டும். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை உருட்ட, அக்கா அவன் முகத்துக்கு நேரே ஒவ்வொரு விரலாக நீட்டி எண்ணினாள். பத்தாவது விரலில் அவன் புஸ்ஸென்று விட்டுச் சிரித்தான். "ஒரு சோபாவைவிட என் நெஞ்சுக்குச் செலவு ஜாஸ்தி ஆயிடுச்சேக்கா" என்றான். "வாயை மூடுடா" என்று அக்கா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் பெண்டாட்டியும் சிரித்துவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பட்டறைக்குத் திரும்பிய மறுநாள் தம்பி சிவப்பு மூடிப் பம்பைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். ஆணி காலியாக இருந்தது. நீலத்தை அக்காவே தூக்கி எறிந்திருந்தாள். மத்தியானம் தையல் மாமா மிஷினை நிறுத்திவிட்டு மேஜையில் கவிழ்ந்து உட்கார்ந்தார். முதுகு மேலும் கீழும் ஏறி இறங்கியது. அவர் கண் ஒரு தடவை ஆணிப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"டேய், அதைக் கொண்டா. ஆணியில மாட்டு" என்றாள். "நல்ல மருந்துன்னா எல்லாருக்கும் ஆகட்டும்."

தம்பியின் பெண்டாட்டி சாப்பாட்டுப் பாத்திரம் எடுத்துப்போக வந்திருந்தாள். அதிர்ந்து பேசாதவள், அன்றைக்கு வாயைத் திறந்துவிட்டாள். "அக்கா, அது இவருக்குன்னு குடுத்தது. ஒருத்தருக்கு ஒண்ணுன்னு நர்ஸ் படிச்சுப் படிச்சு சொன்னாங்களே. மாமாவுக்கு வேணும்னா அவரையும் டாக்டர்கிட்டக் காட்டி இன்னொண்ணு வாங்கலாமே."

"இந்தப் பட்டறையில என்னுது உன்னுதுன்னு எதுவும் இருந்ததில்லம்மா. நீ புதுசா ஆரம்பிச்சு வைக்காத." அக்காவின் குரல் ஏறிவிட்டது. "விலை தெரியுமில்ல? ஆளுக்கு ஒண்ணு வாங்கினா நான் கடையை மூட வேண்டியதுதான். மாசத்துக்கு ஒண்ணு வாங்கறேன். எல்லாரும் எடுத்துக்குங்க."

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் கஞ்சத்தனத்தில் அப்படிச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அந்த ஒரு பட்டறையை அவள் தாங்கி நின்றதே அப்படித்தான். அவளுக்குத் தெரிந்த தர்மம் அது ஒன்றுதான். தம்பிக்கு அது தெரியும். பெண்டாட்டியைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு, எழுந்துபோய்க் கயிற்றைக் கட்டி ஆணியில் மாட்டினான். "முதல் இழுப்பு மாமாவுக்கு" என்றான்.

முதல் வாரம் பட்டறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. தையல் மாமா பாட்டுகூடப் பாடினார். சகிக்கவில்லை, ஆனாலும் பாடினார். தம்பி மூட்டை தூக்கும்போது விசில் சத்தம் இல்லை. அக்கா சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு தடவை இழுத்துக்கொள்வாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் திறக்க வருகிறவளும் அவள்தானே, அப்போதும் இரண்டு. அவள் ராத்திரியில் நிமிர்ந்து உட்காராமல் படுத்துத் தூங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. இப்போது தூங்கினாள். தன் புத்திசாலித்தனத்தை நினைத்துச் சந்தோஷமும் பட்டாள். ஒரு பம்பு விலையில் மூன்று நெஞ்சு!

ஜன்னலில் நம்பர் மட்டும் மளமளவென்று இறங்கியது. அக்கா அதைப் பார்த்தாள்தான். பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் ஹோட்டல் பணம் வரும், அப்போது வாங்கிக்கொள்ளலாம். அப்படியே பூஜ்யம் வந்தாலும் அடியில் கொஞ்சம் இல்லாமலா போகும்? பசை டப்பா தீர்ந்துவிட்டது என்று போட்ட பிறகும் குச்சியை விட்டுச் சுரண்டினால் இன்னும் ஒரு நாற்காலிக்கு வரும். அவள் பட்டறையில் எந்த டப்பாவும் சுரண்டாமல் வெளியே போனதில்லை.

இரண்டாவது வாரம் தம்பியின் இருமல் திரும்ப வந்தது.

"டேய், எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்க்கா."

"அப்புறம் ஏன்டா இருமற?"

"தூசிக்கா. வேற என்ன?"

அக்கா அதை நம்பினாள். அவன் அவளிடம் பொய் சொன்னதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

ஒரு சாயங்காலம், எல்லோரும் போன பிறகு அக்கா ஆணியிலிருந்து பம்பை எடுத்தாள். ஜன்னலில் இரண்டு என்று இருந்தது. அன்றைக்கு முழுக்கத் துணிச் சுருள் இறக்கியிருந்தாள். நெஞ்சு அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டையும் இழுத்துவிட்டாள். பூஜ்யம் வந்தது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் போய் வாங்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, துடைத்து, மாட்டிவிட்டுப் பூட்டினாள்.

மறுநாள் காலையில் ஹோட்டலிலிருந்து ஆள் வந்துவிட்டான். கடைசிச் சோபாவை வண்டியில் ஏற்றுகிற அவசரத்தில் மருந்துக்கடை மறந்துபோனது. ஏற்றி முடித்த கையோடு தம்பி வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தான். தோள் இரண்டும் காதுவரை ஏறின. உதடு நிறம் மாறியது. அவன் ஆணிப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

அக்கா பாய்ந்துபோய்ப் பம்பை எடுத்து வந்து அவன் வாயில் வைத்தாள். "இழுடா! இழு!" அழுத்தினாள். சத்தம் வந்தது. மறுபடி அழுத்தினாள். சத்தம் மட்டும்தான் வந்தது. அவன் இழுக்கப் பார்த்தான். நெஞ்சு எதையும் உள்ளே விடவில்லை. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தள்ளினான், போதும்க்கா என்கிற மாதிரி.

வண்டிக்காரர்தான் சுதாரித்தார். வண்டியில் ஏற்கெனவே ஏற்றிக் கட்டியிருந்த புதுச் சோபாவிலேயே அவனைச் சாய்த்து உட்கார வைத்து வண்டியை எடுத்தார். போகிற வழியெல்லாம் அக்கா அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவன் தன் கையாலேயே திணித்த பஞ்சு. ரோட்டில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "தம்பி, தம்பி" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

இந்தத் தடவை ஆக்சிஜன் போதவில்லை. தொண்டையில் குழாய் விட்டு, மெஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டது. பிழைப்பானா என்று கேட்டதற்கு டாக்டர், "இன்னிக்கு எதுவும் சொல்ல முடியாது" என்றாள்.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் பெண்டாட்டி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என்னாலதான். கிழவன் நான் அவன் மருந்தைத் தின்னுட்டேன். எனக்கு எதுக்கு இந்த உசுரு? என்னாலதான்..."

அக்கா பேசாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. மாமா அழுது ஓய்ந்ததும் எல்லோரும் விதியே என்று விட்டிருப்பார்கள். அந்த நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை, வந்தது. வந்ததும் தன்மேலேயே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க இல்ல மாமா" என்றாள். "கடைசியா எடுத்தது நான்."

மாமா அழுகையை நிறுத்திவிட்டு விழித்தார்.

"எனக்கும் இளைப்பு இருக்கு. ரொம்ப வருஷமா. எல்லாரும் போனதும் எடுப்பேன். நேத்து இருந்த கடைசி ரெண்டையும் நான்தான் இழுத்தேன். பூஜ்யம்னு பார்த்துட்டேதான் மாட்டினேன்."

தம்பியின் பெண்டாட்டி சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"அவருக்கும் தெரியும். நம்பரைப் பார்த்துக்கிட்டே இருங்கன்னு நர்ஸ் சொன்னதால தினம் சாயங்காலம் கிளம்பறப்ப பார்ப்பாரு. காலையில வந்து பார்த்தா குறைஞ்சிருக்கும். சாவி உங்ககிட்ட மட்டும்தானேக்கா இருக்கு?" அவள் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால்கூட அக்காவுக்குத் தாங்கியிருக்கும். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதாரு. 'இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே, அக்கா எல்லாருக்கும் வாங்கி மாட்டிட்டுத் திருட்டுத்தனமா மூச்சு விட்டிருக்காளே'ன்னு அழுதாரு. அதுக்கப்புறம் அவரு அதைத் தொடவே இல்ல. 'அக்கா சொல்லவும் மாட்டா, தனியா வாங்கவும் மாட்டா. நான் விட்டா அவளுக்கு இன்னும் நாலு நாள் வரும்'னாரு. நான் கையை எடுத்துக் கும்பிட்டுப் பார்த்தேன். 'அக்கா மனசு நோகற மாதிரி நீ எதையாவது கேட்டுடாத'ன்னு என் வாயையும் கட்டிட்டாரு."

அக்காவுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வராந்தாவில் பஞ்சு மூட்டையும் இல்லை, மூலையும் இல்லை. எல்லோரும் பார்க்க அந்த பெஞ்சிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழ அழ நெஞ்சில் விசில் கிளம்பியது. அதையும் அவள் மறைக்கவில்லை. சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்துவிட்டாள்.

"அந்த ஒண்ணை எத்தனை பேர் எடுத்தீங்க?"

"மூணு பேர்" என்றாள் அக்கா. தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். "நானும்தான்."

டாக்டர் திட்டுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். டாக்டர் அவளை உள்ளே கூட்டிப்போய் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். மாமாவையும் கூப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு சீட்டு எழுதினாள்.

தம்பி ஆறு நாள் மெஷினில் இருந்தான். பணம் கட்டுகிற ஜன்னலில் பில்லை நீட்டியபோது அக்கா ஹோட்டல் பணம் முழுக்க எடுத்து வைத்தாள், போதவில்லை. பஞ்சு அடிக்கிற மெஷினை விற்கப் பேசி முடித்தாள். அந்தப் பில்லை வைத்துக்கொண்டு அவள் எத்தனை பம்பு என்று கணக்குப் போடாமல் இருக்கத்தான் பார்த்தாள். வியாபாரம் பண்ணின மூளை, கேட்கவில்லை. மூன்று பேருக்கும் ஆளுக்கொன்றாக மூன்று வருஷத்துக்கு வாங்கியிருக்கலாம், மிச்சம்கூட இருந்திருக்கும். கட்டுப்படியாகாது என்று சொன்ன வாயை அவளுக்குக் கிழித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

மருந்துக் கவுண்ட்டரில் போய், "சிவப்பு மூடி போட்டது மூணு குடுங்க" என்றாள். ஒன்றை மாமாவின் சட்டைப் பையில் அவளே போட்டுவிட்டாள். ஒன்றைத் தம்பி பெண்டாட்டியிடம் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆறு நாளும் அவள் அக்காவிடம் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். மூக்கிலும் வாயிலும் முகமூடி வைத்து, பார்க்கலாம் என்றார்கள். இனி பஞ்சுப் பக்கமே போகக்கூடாது, ஆள் தேறவே மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். தம்பி பாதி ஆளாகக் கிடந்தான். ஒரு கை ஊசியும் கட்டுமாகக் கட்டிலோடு கிடந்தது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் பெண்டாட்டி. அவன் கண்ணைத் திறந்து முதலில் பெண்டாட்டியைப் பார்த்தான். அப்புறம் அக்காவைப் பார்த்தான். பேச முடியவில்லை. கட்டில்லாத கையைத் தூக்கி, விரலால் அவளைக் காட்டி, தன் முகமூடிக்கு முன்னால் பம்பை அழுத்துகிற மாதிரி ஒரு தடவை அழுத்திக் காட்டினான்.

நீ எடுத்துக்கிட்டியா என்று கேட்கிறான்!

அக்கா அவன் பக்கம் குனிந்தாள். "இதோ எடுக்கறேன்டா. பாரு, உன் முன்னாடியே எடுக்கறேன்."

பையிலிருந்து தன் பம்பை எடுத்தாள். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவருகில் மாமா நின்றுகொண்டிருந்தார். அக்கா மூச்சை முழுக்க வெளியே விட்டாள், வாயில் வைத்து அழுத்தி இழுத்தாள், உதட்டை மூடிக்கொண்டாள். தம்பி அவள் முகத்துக்கு நேரே பெருவிரலை நீட்டினான். அடுத்து ஆள்காட்டி விரல். ஒவ்வொன்றாக ஐந்தும் ஆயின. இன்னொரு கை தூக்க வராது. அதனால் அதே கையை மடக்கி, மறுபடி பெருவிரலிலிருந்து ஆரம்பித்தான். ஆறு. ஏழு. எட்டில் கை தளர்ந்து போர்வையில் விழுந்தது. கண் சொருகித் தூங்கிப்போனான். முகமூடிக்குள் அவன் மூச்சு நிதானமாக வந்து போய்க்கொண்டிருந்தது.

அக்கா அடக்கிய மூச்சோடு நின்றாள். கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு இறங்கியது.

தம்பியின் பெண்டாட்டி கட்டிலைச் சுற்றி வந்தாள். கீழே கிடந்த அவன் கையை எடுத்து, மிச்சமிருந்த இரண்டு விரலையும் அவளே ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

"ஒன்பது, பத்து" என்றாள். "விடுங்கக்கா."